முதல் கிற்றார்: எதை வாங்குவது, எப்படிச் சுருதி சேர்ப்பது

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்விகளுக்கான பதில் இது. பாடசாலைக் காலத்தில் கர்நாடக வாய்ப்பாட்டுப் படித்தவர், ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறவர். இப்போது தானே கிற்றார் வாசித்துக்கொண்டு பாட ஆசைப்படுகிறார். வீட்டு அலுமாரிக்கு மேலே மாமாவின் பழைய நைலோன் தந்திக் கிற்றார் ஒன்று கிடக்கிறதாம். அதில் ஸ்டீல் கம்பி மாட்டிப் பழகலாமா? புதிது வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? சுருதி சேர்க்கப் போனில் இருக்கும் செயலி போதுமா, தனியாக டியூனர் வாங்க வேண்டுமா? திருகோணமலையில் பிள்ளைகளுக்குக் கிற்றார் பழக்குகிறவன் என்பதால் இதே கேள்விகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. அதனால் கொஞ்சம் ஆறுதலாகவே எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் கிற்றார். தங்கச்சி, அதில் ஸ்டீல் கம்பி மாட்டவே வேண்டாம். நைலோன் தந்தி ஆறும் சேர்ந்து கிற்றாரை இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோ. சாதாரண ஸ்டீல் கம்பித் தொகுதி ஒன்று 70 கிலோ அளவுக்கு இழுக்கும். நைலோன் கிற்றாரின் மேற்பலகை மெல்லியது, உள்ளே ஒட்டியிருக்கும் தாங்கு சட்டங்களும் அந்த 40 கிலோவுக்கென்றே வைத்தவை. கழுத்துக்குள் இரும்புக் கோலும் பெரும்பாலும் இருக்காது. ஸ்டீல் கம்பியை மாட்டிய அன்றைக்கு ஒன்றும் நடக்காத மாதிரித்தான் தெரியும். சில கிழமைகளில் கழுத்து முன்னால் வளையும், மேற்பலகை வயிறு வைக்கும், கடைசியில், கம்பிகளின் அடிமுனையை உடலோடு பிடித்திருக்கும் பிரிட்ஜ் பலகையோடு பிய்ந்து வரும். அப்படிப் பிய்ந்த கிற்றார்களைக் கொண்டுவந்து, திரும்ப ஒட்டலாமா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் நைலோன் தந்தியோடேயே அது உங்களுக்கு நல்ல தொடக்கமாக இருக்கக்கூடும். நைலோன் விரலை அறுக்காது. பாட்டுக்குத் துணையாக விரலால் மீட்டினால் குரலை அமுக்காமல் கீழே நிற்கும். குறை என்னவென்றால் கழுத்து அகலம்: நட் என்று சொல்லும் மேல் விளிம்பில் 52 மில்லிமீற்றர் இருக்கும். ஸ்டீல் கிற்றாரில் அது 43 மில்லிமீற்றர் அளவுதான். சின்னக் கை உள்ளவர்களுக்கு முதல் மாதம் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். தேவாலயத்தில் பாடகர் குழுவோடு வாசிக்கவோ, நண்பர்கள் கூடும் இடத்தில் பைலாவின் எட்டில் ஆறு தாளத்துக்கு வீச்சாக அடிக்கவோ ஆசையென்றால் ஸ்டீல் கம்பிதான் சரி. தனியாக இருந்து பாடுவதுதான் நோக்கமென்றால் நைலோன் குறைந்ததல்ல. உங்கள் கேள்வியைப் பார்த்தால் இரண்டாவது வகை என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி வாங்குவது பற்றி. இணையத்தில் எங்கே பார்த்தாலும் மரத்தைப் பற்றியே பேச்சு: ஸ்புரூஸ், மஹோகனி, ரோஸ்வூட் என்று. பழகத் தொடங்குகிறவருக்கு அது பிறகு யோசிக்க வேண்டிய விஷயம். முதல் கிற்றாருக்கு வேண்டிய தகுதி இரண்டே இரண்டு. விரலுக்கு இணங்க வேண்டும், சுருதியில் நிற்க வேண்டும். இவை இல்லாத கிற்றாரோடு மல்லுக்கட்டிவிட்டு, தனக்கு இசை வராது என்று முடிவுகட்டிக் கைவிட்ட பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கும். பிழை பிள்ளையில் இல்லை, கம்பி மிக உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

கடைக்குப் போகும்போது பையில் ஓர் அடிமட்டம் கொண்டு போங்கள். கிற்றாரைச் சுருதி சேர்த்துத் தரச் சொல்லிவிட்டு, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்களில் மேலிருந்து பன்னிரண்டாவதன் மேல் அடிமட்டத்தை நிறுத்தி, ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளவுங்கள். ஸ்டீல் கிற்றாரில் தடித்த ஆறாவது கம்பிக்கு இரண்டரை மில்லிமீற்றர், மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு மில்லிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது. மூன்றரையைத் தாண்டினால் அந்தக் கிற்றாரை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். நைலோன் தந்தி அகலமாக அதிரும், அதனால் அதில் ஆறாவதற்கு நான்கு, முதலாவதற்கு மூன்று என்பது வழமையான அளவு.

பிறகு முதல் ஃப்ரெட். மேல் விளிம்பில் கம்பி உட்காரும் வெட்டுகள் ஆழம் போதாமல் இருப்பது மலிவுக் கிற்றார்களில் மிகப் பொதுவான குறை. இதைச் சோதிக்க, கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேலே பாருங்கள். அங்கே கம்பி தொட்டும் தொடாமலும், ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளியோடு இருக்க வேண்டும். நிறைய வெளி தெரிந்தால் தொடக்கக்காரர் முதலில் பழகும் கோட்கள் (பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக் கூட்டுகள்) எல்லாமே கடினமாக இருக்கும், சுருதியும் கூடிக்கூடிக் கேட்கும். கைவேலை தெரிந்த ஒருவர் அதைச் சில நிமிடங்களில் அராவிச் சரிசெய்துவிடுவார், ஆகவே இந்த ஒரு குறைக்காக நல்ல கிற்றாரைத் தள்ள வேண்டியதில்லை. கழுத்து முறுகியிருந்தால்தான் தள்ள வேண்டும். கிற்றாரைத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோலக் கண்ணுக்கு நேரே பிடித்து, கழுத்தின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். இரண்டும் ஒரே போக்கில் போக வேண்டும். முன்பக்கமாகச் சிறிய வளைவு இருப்பது இயல்பு. ஸ்டீல் கிற்றாரென்றால் கழுத்துக்குள் இருக்கும் கோலைத் திருகி அந்த வளைவைக் கூட்டிக் குறைக்கலாம். முறுக்கலை அப்படித் திருத்த முடியாது.

ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி ஒரு தடவை மீட்டிப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். கரகரவென்ற சத்தம் எங்கேயாவது வருகிறதா என்று கேளுங்கள். கடைசிச் சோதனைதான் முக்கியமானது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டுக்கொண்டு மீட்டினால் மணிபோல ஒரு நாதம் வரும். அடுத்து அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக, மேல் ஷட்ஜமாக இருக்க வேண்டும். பாடிப் பழகிய காது உங்களுக்கு இருக்கிறது, வித்தியாசம் இருந்தால் டியூனர் இல்லாமலேயே பிடித்துவிடுவீர்கள். புதுக் கம்பியிலும் அழுத்திய சுரம் தெளிவாகக் கூடியே கேட்டால், அந்தக் கிற்றாரை எவ்வளவு திருகினாலும் கழுத்து முழுக்கச் சுருதி சேராது.

உடல் அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைகளில் அதிகம் தொங்குவது ட்ரெட்நோட் என்ற பெரிய உடல் கிற்றார். மார்ட்டின் நிறுவனம் 1916-இல் தொடங்கிவைத்த வடிவம், அந்தக் காலத்துப் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றின் பெயர். சத்தம் நன்றாக வரும், ஆனால் உயரம் குறைந்தவர்கள் மடியில் வைத்தால் வலது தோள் தூக்கிக்கொள்ளும். கதிரையில் இருந்து கிற்றாரை மடியில் வைத்து, தோளை உயர்த்தாமல் கை பிரிட்ஜ் வரை போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் சிறிய உடல் உள்ளதைக் கேளுங்கள். பெயர் சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால்: ஸ்டீலில் யமஹா எஃப் 310, கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் சிறிய உடலுள்ள எஃப்எஸ் 800, நைலோனில் சி 40. இவை காதுக்கு அதிசயமாக ஒலிக்கும் என்று சொல்லமாட்டேன். ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்த்த மாதிரி, தரம் பெரிதாக ஏறி இறங்காது. தொடக்கக்காரருக்கு அதுதான் வேண்டும்.

முழு மரப் பலகையா, ஒட்டுப் பலகையா என்ற கேள்விக்கு நம் ஊரில் இருந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும். முழு மரத்தில் ஒலி நன்றாக இருக்கும், வாசிக்க வாசிக்க இன்னும் நன்றாகும் என்றும் சொல்வார்கள். ஆனால் கிற்றார் மரத்துக்குப் பிடித்தது 45 முதல் 55 வீத ஈரப்பதம். இங்கே ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்றோடு மாரி அடிக்கும்போது வீட்டுக்குள் உப்பு டப்பாவே கசிகிறது. பிறகு கச்சான் வீசும் மாதங்களில் வெக்கை. மரம் ஈரத்தில் ஊதும், காய்ச்சலில் சுருங்கும். முழு மரப் பலகை இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே காட்டும், மாரியில் பலகை உப்பிக் கம்பி உயரும். மூன்று மெல்லிய படைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை அவ்வளவு அசையாது. அதனால் கடலோரத்தில் இருக்கும் ஒருவரின் முதல் கிற்றாருக்கு ஒட்டுப் பலகையே போதும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை என்பது என் கருத்து.

ஒலிபெருக்கியோடு இணைக்க உள்ளே பிக்கப் பொருத்திய எலெக்ட்ரோ அக்கூஸ்டிக் வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். ஒரே விலையில் இரண்டு இருந்தால் பிக்கப் இல்லாததை எடுங்கள், உங்கள் காசு முழுக்க மரத்துக்கும் வேலைக்கும் போகும். பழைய கிற்றார் வாங்கினால் மேலே சொன்ன சோதனைகளோடு இன்னொன்று: ஒரு மெல்லிய கடதாசியைப் பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் தள்ளிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் பிரிட்ஜ் கிளம்பத் தொடங்கிவிட்டது. கொழும்பில் தெரிவு அதிகம் என்பதால் அங்கே போய் வாங்கலாம், ஆனால் நீங்களே போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ கொண்டுவரும்போது கம்பிகளை ஒரு சுரம் அளவு தளர்த்திவிடுங்கள். வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் மட்டும் விட்டுவைக்க வேண்டாம், பிரிட்ஜை ஒட்டிய பசையே இளகிவிடும்.

சரி, டியூனர். கிற்றார் வாங்கும் அன்றே டியூனரும் வாங்குங்கள். அதற்காகக் கிற்றாரில் ஒரு படி இறங்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. முதல் மாதங்களில் தினமும் எதைக் கேட்கிறோமோ அதையே காது சரியென்று எடுத்துக்கொள்ளும்.

போனில் இருக்கும் செயலி பிழையல்ல. அமைதியான அறையில் அது துல்லியமாகவே காட்டும், இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் அது ஒலிவாங்கி வழியாகக் காற்றிலிருந்து கேட்கிறது. மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, டச் குடாக் கரையில் இருந்தால் அலை, பாடகர் குழுவில் இருந்தால் பக்கத்தில் கீபோர்ட் எல்லாம் அதற்குள் போய் முள் தத்தளிக்கும். கிற்றாரின் தலையில் கவ்வும் கிளிப் டியூனர் மரத்தின் அதிர்வைத்தான் வாங்குகிறது, வெளிச் சத்தம் அதற்குப் பொருட்டல்ல. ஸ்னார்க், கோர்க், டடாரியோ எதுவானாலும் வேலை செய்யும். பெரும்பாலானவற்றில் சி.ஆர். 2032 என்ற பொத்தான் பற்றரி போடுவார்கள், அது எங்கேயும் கிடைக்கும். நீண்ட நாள் பாவிக்காவிட்டால் பற்றரியைக் கழற்றி வையுங்கள், நம் காற்றில் அதன் தகடு பச்சை பிடித்துவிடும்.

தடித்த கம்பியிலிருந்து மெல்லியதற்குச் சேர்க்க வேண்டிய சுரங்கள்: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதிர்வெண்ணில் 82.4, 110, 146.8, 196, 246.9, 329.6 ஹேர்ட்ஸ். டியூனரின் ஓரத்தில் 440 என்று காட்ட வேண்டும், அது அளவுகோலாக எடுக்கும் மேல் ஏ சுரத்தின் அதிர்வெண். கைபட்டு அது 442 அல்லது 435 ஆக மாறியிருந்தால், நீங்கள் தனியாக வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது, கீபோர்டோடு சேரும்போதுதான் கோளாறு வெளிப்படும்.

முள் நடுவில் நின்றால் மட்டும் போதாது, எழுத்தையும் பாருங்கள். ஜி கம்பியை அரைச் சுரம் கூடுதலாக ஏற்றிவிட்டால் முள் நடுவில்தான் நிற்கும், ஆனால் எழுத்து ஜி ஷார்ப் என்று காட்டும். முதல் கம்பி அறுவது பெரும்பாலும் இப்படித்தான்: ஈ வரும் வரும் என்று ஏற்றிக்கொண்டே போய் எப்போதோ தாண்டியிருப்பார்கள். சந்தேகம் வந்தால் கம்பியை நன்றாகத் தளர்த்திக் கீழிருந்து ஆறுதலாக ஏற்றுங்கள். எப்போதுமே கீழிருந்து மேலே வந்து நிறுத்துவதுதான் முறை. கூடிப்போனால் கொஞ்சம் இறக்கி, திரும்ப ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கம்பியை முறுக்கும் டியூனிங் கீயின் பற்சக்கரத்தில் இருக்கும் தளர்வு, வாசிக்கும்போது கம்பியை இன்னும் கீழே விட்டுவிடும். ஆறையும் சேர்த்த பிறகு முதலில் இருந்து ஒருமுறை பாருங்கள். பின்னால் ஏற்றிய கம்பிகளின் இழுவையில் கழுத்து நூலளவு அசைந்து, முன்னால் சேர்த்தவை இறங்கியிருக்கும். புது நைலோன் தந்தி சில நாட்கள் நீண்டுகொண்டேதான் இருக்கும், கிற்றார் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம்.

இப்போது உங்களுக்கென்றே எழுத வேண்டியது. சங்கீதம் படித்தவர்கள் கிற்றாரைக் காதால் சேர்க்கும்போது ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வார்கள், காது நல்லதாக இருப்பதால்தான் மாட்டிக்கொள்வார்கள். ஈ மேஜர் கோட் பிடித்து மீட்டுங்கள். அதில் மூன்றாவது கம்பியின் முதல் ஃப்ரெட் ஈ-க்கு அந்தர காந்தாரம். தம்புராவோடு பாடிய காதுக்கு அந்தக் காந்தாரம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். கேட்பது சரிதான். தம்புராவின் நாதத்துக்குள்ளேயே ஒலிக்கும் காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் தூரத்தில் இருக்கிறது, கிற்றாரின் காந்தாரம் 400 சென்டில். அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் பதினான்கு பங்கு வித்தியாசம், பயிற்சியுள்ள காதுக்கு இது பெரிது. உடனே என்ன செய்யத் தோன்றும்? மூன்றாவது கம்பியைக் கொஞ்சம் இறக்கினால் கோட் தேனாக இனிக்கும். ஆனால் அடுத்ததாக ஜி மேஜர் பிடித்தால் அதே கம்பி திறந்த நிலையில் ஷட்ஜம், இப்போது ஷட்ஜமே தாழ்ந்து நிற்கிறது. சி மேஜரில் அது பஞ்சமம், அதுவும் சோர்ந்துவிடும். அதைத் திருத்த மற்றக் கம்பிகளைத் தொடுவீர்கள், பிறகு அன்று முழுக்கச் சுருதி சேர்ப்பதிலேயே போய்விடும்.

வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார்கள், செய்கிறவர் காதால் கேட்டுக் கேட்டு இடத்தை வைக்கிறார். கிற்றாரின் ஃப்ரெட் மரத்தில் அறைந்த உலோகம், கணக்குப் போட்டு வைத்தது. ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அதிர்வெண் 1.0595 மடங்கு ஏறும், பன்னிரண்டு ஏறினால் சரியாக இரட்டிப்பு. எந்தக் கோட்டிலும் முழுச் சுத்தம் இல்லாமல், எந்தக் கோட்டும் பழுதாகாமல் வாசிக்க அமைத்த ஏற்பாடு அது. ஆகவே கிற்றாரின் திறந்த கம்பிகளை டியூனர் சொல்வதுபோலவே வைத்துவிட்டு, காந்தாரத்தின் சுத்தத்தை உங்கள் குரலில் பாடுங்கள். இரண்டும் சண்டை போடுமே என்று நினைப்பீர்கள். பாடிப் பாருங்கள், மீட்டிய கோட் தேய்ந்துபோகும் வேகத்தில் குரல்தான் மேலே நிற்கும்.

காதால் சேர்க்கும் முறையையும் பிறகு கட்டாயம் பழகுங்கள். ஆறாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டும் திறந்த ஐந்தாவது கம்பியும் ஒரே சுரம். ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று என்பவற்றுக்கும் ஐந்தாவது ஃப்ரெட்தான். மூன்றிலிருந்து இரண்டுக்கு மட்டும் நான்காவது ஃப்ரெட், இரண்டிலிருந்து ஒன்றுக்கு மீண்டும் ஐந்து. இரண்டு கம்பியும் நெருங்கி வரும்போது ஒலி அலையலையாகத் துடிக்கும், சேரச் சேரத் துடிப்பு மெதுவாகி நின்றுவிடும். முதலில் காதால் சேர்த்துவிட்டு, பிறகு டியூனரை மாட்டி எவ்வளவு நெருங்கினீர்கள் என்று பாருங்கள்.

எவ்வளவு நல்ல டியூனர் இருந்தாலும் துருப்பிடித்த கம்பி சுருதி சேராது. துரு ஓரிடத்தில் தடிப்பாகவும் இன்னோரிடத்தில் மெல்லியதாகவும் இருப்பதால் கம்பி சீராக அதிராது, திறந்து மீட்டினால் சரியாகவும் அழுத்தினால் பிழையாகவும் கேட்கும். கடற்காற்றில் முதலில் போவது உறை சுற்றாத முதல், இரண்டாம் கம்பிகள். வாசித்து முடித்ததும் பழைய பருத்திச் சாரத் துண்டொன்றால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்து, கிற்றாரை உறைக்குள் வையுங்கள். ஸ்டீல் வாங்கினால் தொடக்கத்துக்கு 10 முதல் 47 அல்லது 11 முதல் 52 (கம்பித் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கில்) என்ற மெல்லிய தொகுதி விரலுக்கு நல்லது. எலிக்ஸர் போன்ற மேற்பூச்சுள்ள கம்பிகள் விலை கூட, ஆனால் சாதாரணக் கம்பி சீக்கிரமே கறுத்துப்போகும் நம் ஊரில் அந்தக் காசுக்கு மதிப்பு உண்டு. மாமாவின் கிற்றாரில் நைலோன் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. அதிலும் சுற்றுக் கம்பி மூன்றும் கறுக்கும், அவ்வளவுதான்.

கழுத்தின் குறுக்கே எல்லாக் கம்பிகளையும் அமுக்கிப் பிடிக்கும் கவ்வியான கேப்போ ஒன்றும் வாங்குங்கள். ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப். முதல் ஃப்ரெட்டில் கேப்போவைப் போட்டு ஜி கோட் வடிவங்களைப் பிடித்தால் நேரே உங்கள் சுருதியில் நிற்பீர்கள். கேப்போ கம்பியைக் கொஞ்சம் இழுத்துச் சுருதியைக் கூட்டும், ஆகவே போட்ட பிறகு டியூனரைப் பாருங்கள். அப்போது அது எஃப், ஏ ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், சி, எஃப் என்று காட்ட வேண்டும். நைலோன் கிற்றாரின் கழுத்து தட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் கடையில் கிளாசிக்கல் கேப்போ என்றே கேளுங்கள், மற்றது ஓரக் கம்பிகளைச் சரியாக அமுக்காது.

இப்போதைக்குக் காசு செலவழிக்க முன்னர் அலுமாரிக்கு மேலே இருப்பதை இறக்குங்கள். தூசி துடைத்து, புது நைலோன் தொகுதி ஒன்று மாட்டி, டியூனரால் சேர்த்து, இரண்டு மூன்று நாள் விட்டுத் திரும்பவும் சேருங்கள். பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது, முதலாவது தந்திகளின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து எனக்கு எழுதுங்கள். கடதாசி பிரிட்ஜுக்கு அடியில் நுழைகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிரிட்ஜ் கிளம்பாமல், உயரம் நான்கரைக்குள் இருந்தால் புதுக் கிற்றார் இப்போது வேண்டியதில்லை. டியூனரையும் கேப்போவையும் மட்டும் வாங்கிக்கொண்டு தொடங்கிவிடலாம்.